டிரவுட் மீனுக்கு எந்த ராடு வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறையாக வாங்குகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

6 அல்லது 6½ அடி நீளமுள்ள ஸ்பின்னிங் ராடு, அதாவது எடையுள்ள இரையை வீசிச் சுற்றி இழுக்கும் தூண்டில் கோல். ‘அல்ட்ராலைட்’ அல்லது ‘லைட்’ என்று குறித்திருக்க வேண்டும். 2 முதல் 6 பவுண்டு வரையிலான நரம்புக்கும் (தூண்டில் நூலுக்கும்), 1 முதல் 7 கிராம் வரையிலான லூருக்கும் (போலி இரைக்கும்) ஏற்றதாக இருக்க வேண்டும். 1000 அல்லது 2000 அளவு ரீலை (நரம்பு சுற்றும் உருளையை) மாட்டி, 4 பவுண்டு நரம்பைச் சுற்றிக்கொண்டால் ஓடை, சிற்றாறு, சின்ன ஏரி மூன்றுக்கும் போய்வரலாம்.

கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள். எந்தத் தண்ணீரில் நிற்கப் போகிறோம், அங்கே எவ்வளவு எடையை வீசப் போகிறோம், அதற்கு எவ்வளவு மெல்லிய நரம்பு வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ராடு தானாகவே முடிவாகிவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ராடை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற லூரையும் நரம்பையும் தேடுகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கனமான ராடு இருக்கிறது. அதையே பயன்படுத்தக் கூடாதா?

மீன் கடிக்கத்தான் செய்யும். கடித்த மீன் கரைக்கு வராது என்பதுதான் சிக்கல்.

டிரவுட் தெளிந்த, குளிர்ந்த நீரில் வாழும் மீன். கண் பார்வை கூர்மையானது. தடித்த நரம்பைக் கண்டால் இரைக்குப் பக்கத்தில் வந்தும் திரும்பிப் போய்விடும். அதனால் நரம்பு மெல்லியதாக இருந்தே ஆக வேண்டும். 4 பவுண்டு நரம்பு என்றால் ஏறத்தாழ 1.8 கிலோ இழுப்புக்கு மேல் தாங்காது. இனி மீன் மாட்டிய கணத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு வேகமான ஓட்டம். அடுத்து தண்ணீரை விட்டுத் துள்ளி, காற்றில் தலையை இருபுறமும் உதறும். ரெயின்போ டிரவுட் இதில் கைதேர்ந்தது. பிரவுன் டிரவுட் அவ்வளவாகத் துள்ளாது, கல்லுக்கடியிலோ வேருக்குள்ளோ நுழையப் பார்க்கும். எப்படியானாலும், ஒவ்வொரு உதறலும் நரம்பில் ஒரு வெட்டு இழுப்பாக வந்து விழும். ராடின் நுனி வளைந்து கொடுத்தால் அந்த அதிர்ச்சியை ராடே வாங்கிக்கொள்ளும். கனமான ராடு வளையாது. அதிர்ச்சி முழுவதும் நரம்புக்கும் மீனின் வாய்க்கும் போகும். ஒன்று நரம்பு அறும், இல்லையென்றால் வாயோரத்து மெல்லிய சதையைக் கிழித்துக்கொண்டு தூண்டில் முள் வெளியே வந்துவிடும்.

வீசுவதிலும் இதே கதைதான். தகடு சுழலும் லூரான ஸ்பின்னர் ஒன்றை, 2 கிராம் எடையில், கனமான ராடில் கட்டி வீசினால் ராடு துளியும் வளையாது. வளையாத ராடு எறியவும் செய்யாது. லூர் நாலடி தள்ளி விழும், நரம்பு ரீலில் சிக்கும்.

ராடின் மேல் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறதே, எதைப் படிக்க வேண்டும்?

கைப்பிடிக்குச் சற்று மேலே, தண்டின் மேல் இருக்கும் அந்த ஒரு வரிதான் ராடின் ஜாதகம். பெரும்பாலும் இப்படி இருக்கும்: 6 அடி 6 அங்குலம், அல்ட்ராலைட், ஃபாஸ்ட், நரம்பு 2–6 பவுண்டு, லூர் 1/32–1/4 அவுன்ஸ்.

இதில் நான் முதலில் பார்ப்பது கடைசியில் இருக்கும் லூர் எடையை. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். ஆக 1/32 என்பது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 1/16 என்பது 1.8 கிராம், 1/8 என்பது 3.5 கிராம், 1/4 என்பது 7 கிராம். டிரவுட்டுக்கு வீசும் சின்ன ஸ்பின்னர், கரண்டி வடிவ ஸ்பூன், ஈயத்தலை வைத்த முள்ளான ஜிக் எல்லாம் பெரும்பாலும் 1 முதல் 7 கிராமுக்குள் அடங்கும். சில ராடுகளில் நேரடியாகக் கிராமிலேயே எழுதியிருப்பார்கள்.

எழுதியிருக்கும் எல்லையின் இரு ஓரங்களிலும் ராடு திணறும், நடுவில்தான் நன்றாக வேலை செய்யும். 1–7 கிராம் என்று போட்டிருந்தால் 2 முதல் 5 கிராமுக்குள் அது சுகமாக எறியும். நீங்கள் அடிக்கடி வீசப்போகும் லூரின் எடை, ராடின் எல்லைக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். கடையில் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

‘அல்ட்ராலைட்’, ‘லைட்’, ‘மீடியம்’ ஆகிய சொற்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனி லைட் என்று விற்பதை இன்னொன்று அல்ட்ராலைட் என்று விற்கும். பேரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பவர், ஆக்‌ஷன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் தேவை என்பது; அல்ட்ராலைட், லைட் என்பவை அதற்கான பெயர்கள். ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனிப் பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். பாதி வரை வளைந்தால் மாடரேட். கைப்பிடி வரை முழுக்க வளைந்தால் ஸ்லோ.

ஒற்றை முள் உள்ள ஜிக்கைத் தட்டித் தட்டி இழுப்பவருக்கு ஃபாஸ்ட் பொருந்தும். மெல்லிய கடியும் கைக்குத் தெரியும், முள்ளும் சட்டென்று ஏறும். ஸ்பின்னர், ஸ்பூன், மூன்று முள் கொண்ட மீன் வடிவச் சிறு பிளக் ஆகியவற்றை நிதானமாகச் சுற்றி இழுப்பவருக்கு மாடரேட்தான் நல்லது. மீன் லூரைக் கவ்வித் திரும்புவதற்கு அது ஒரு நொடி இடம் கொடுக்கும், துள்ளும்போதும் நரம்பு தொய்யாமல் இருக்கும். மண்புழு போன்ற இரையை மெதுவாக வீச வேண்டியவருக்கும் இதுவே ஏற்றது. ஃபாஸ்ட் ராடில் வெடுக்கென்று வீசினால் இரை முள்ளிலிருந்து கழன்று தனியாகப் பறந்துவிடும். எது என்று குழப்பமாக இருந்தால் மாடரேட் ஃபாஸ்ட் வாங்குங்கள்.

நீளம் எவ்வளவு?

தலைக்கு மேல் மரக்கிளை கவிந்திருக்கும் குறுகிய ஓடையில் 4½ முதல் 5½ அடி. திறந்த ஆற்றங்கரையில் 6 முதல் 7 அடி. ஏரிக்கரையில் நின்று தூரமாக வீச 7 அடி அல்லது அதற்குச் சற்று மேல். தக்கை கட்டி ஆற்றோட்டத்தில் மிதக்கவிட்டுப் பிடிப்பவர்கள் 10 முதல் 13 அடி வரை கூடப் போவார்கள். அந்த நீளம் வீச்சுக்காக அல்ல. நடுவில் ஓடும் வேகமான நீர் நரம்பைப் பிடித்து இழுக்காதபடி அதை மேலே தூக்கிப் பிடிக்கத்தான்.

ஸ்பின்னிங் நல்லதா, ஃப்ளை ராடு நல்லதா?

இரண்டும் வேறு வேறு வேலை. ஸ்பின்னிங்கில் லூருக்கு எடை இருக்கிறது, அது பறக்கும்போது மெல்லிய நரம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்றால் பூச்சி போல் கட்டிய போலி இரை; அதில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தடித்த, கனமான நரம்பே வீசப்படும் பொருள். ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. ஒன்றுக்குரிய ராடு இன்னொன்றுக்கு உதவாததற்குக் காரணம் இதுதான்.

நீரின் மேல் பறக்கும் பூச்சிகளையும் அடியிலிருந்து எழும்பும் புழுப் பருவங்களையும் டிரவுட் விரும்பித் தின்னும். அந்தப் பூச்சி நகப் பொட்டளவுதான் இருக்கும். அவ்வளவு சின்ன ஒன்றை ஓசையில்லாமல் நீரில் இறக்க ஃப்ளை ராடுக்கு நிகர் கிடையாது. ஆனால் வீசப் பழகப் பொறுமை வேண்டும், பின்பக்கம் காலி இடமும் வேண்டும். ஸ்பின்னிங்கை ஒரு காலைப் பொழுதில் பழகிவிடலாம். சில நீர்நிலைகளில் ஃப்ளை மட்டுமே அனுமதி, சில இடங்களில் உயிர் இரைக்குத் தடை. நீங்கள் போகும் இடத்தின் அனுமதிச் சீட்டிலும் விதிகளிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஃப்ளை ராடில் 4, 5, 6 என்று எண் போட்டிருக்கிறதே?

அது ராடின் எடையைச் சொல்லவில்லை. அந்த ராடு எந்த நரம்பை எறியும் என்பதைச் சொல்கிறது. ஃப்ளை நரம்பின் முன்பகுதி 30 அடியை நிறுத்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 5 என்றால் அந்த 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 4 என்றால் 120 கிரெயின், 6 என்றால் 160. ராடும் நரம்பும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

டிரவுட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளை ராடு என்றால் 9 அடி, 5 எண். இதைத் தயங்காமல் சொல்வேன். நீரில் மிதக்கும் சின்ன உலர் ஃப்ளை, நீருக்கடியில் விடும் நிம்ஃப், சுமாரான காற்று எல்லாவற்றையும் சமாளிக்கும். சிற்றோடைக்கு மட்டும் போகிறவர் 7½ அடி, 3 எண் எடுக்கலாம். காற்றடிக்கும் பெரிய ஏரிக்கும் சிறு மீன் போல் கட்டிய கனத்த ஸ்டிரீமருக்கும் 6 எண். நிம்ஃபை நேராகக் கீழே இறக்கிப் பிடிக்கும் ஐரோப்பிய முறைக்கு 10 முதல் 11 அடி நீளத்தில் 2 அல்லது 3 எண் ராடு என்று தனியாகவே உண்டு.

ஃப்ளைக்கு முன்னால் முனையில் கட்டும் மெல்லிய இழையான டிப்பெட்டையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 5எக்ஸ் டிப்பெட் 0.006 அங்குலம், அதாவது 0.15 மி.மீ. தடிமன். எக்ஸ் எண்ணை 11-இலிருந்து கழித்தால் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வந்துவிடும். அவ்வளவு மெல்லிய இழையைக் காப்பாற்ற நுனி மென்மையான ராடு வேண்டும். தூர வீச்சுக்கென்றே செய்த விறைப்பான ராடுகளைப் புதியவர்களிடம் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. டிரவுட் பெரும்பாலும் 10 முதல் 40 அடித் தொலைவுக்குள்தான் பிடிபடும். அந்தத் தொலைவில் மீடியம் ஃபாஸ்ட் ராடு எவ்வளவோ இதம்.

ரீலே இல்லாத ராடு ஒன்று உண்டாமே?

ஜப்பானிய மலை ஓடைகளில் பிறந்த டெங்காரா. 11 முதல் 13 அடி வரை ஒன்றுக்குள் ஒன்று இழுபடும் ராடு, நுனியில் கட்டிய நரம்பு, ஒரு ஃப்ளை. அவ்வளவுதான். பாறைக்குப் பாறை தாவி நடக்கும் ஓடைக்கு அருமையானது. பெரிய மீன் இருக்கும் ஏரிக்கு வேண்டாம், அது ஓடினால் விட்டுக்கொடுக்க நரம்பு இருக்காது.

கார்பன், ஃபைபர்கிளாஸ், மூங்கில்: எது?

இன்று விற்பதில் பெரும்பகுதி கார்பன், அதாவது கிராஃபைட். 1970-களில் சந்தைக்கு வந்தது. எடை குறைவு, மெல்லிய கடியைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஐஎம்6, ஐஎம்8 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தர முத்திரை அது அல்ல. விறைப்பு அதிகமுள்ள இழையில் செய்த தண்டு லேசாக இருக்கும், கூடவே அடிபட்டால் எளிதில் முறியும்.

ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் கனம், மெதுவாக வளையும், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். பழைய சரக்கு என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. சிற்றோடையில் மெல்லிய நரம்போடு கையளவு டிரவுட்டைப் பிடிக்கும்போது ராடு அடிவரை வளைவதே ஒரு சந்தோஷம், நரம்பும் அறாது. சிறுவர்களுக்கும் இதுவே ஏற்றது.

மூங்கில் ஃப்ளை ராடு கைவினைப் பொருள். தென்சீனத்து டொங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிச் செய்கிறார்கள். பராமரிக்கத் தெரிந்தவருக்கு அது தலைமுறை தாண்டியும் வரும். முதல் ராடாக வேண்டாம்.

கடையில் ராடை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் மாட்டப்போகும் ரீலைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது அதே அளவு ரீலைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். வெறும் ராடைத் தூக்கிப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ரீல் மாட்டிய ராடை, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் நிறுத்துங்கள். நுனி கீழே சாய்ந்தால், நாள் முழுக்க மணிக்கட்டு அதைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, ராடைக் கிடையாக நீட்டி ஒரு சின்ன உலுக்கு உலுக்கி உடனே கையை நிறுத்துங்கள். நல்ல தண்டின் நுனி ஓரிரு ஆட்டத்தில் அடங்கிவிடும். தளதளவென்று ஆடிக்கொண்டே இருந்தால் லூர் குறி தவறி விழும்.

பிறகு கைப்பிடிப் பக்கம் ஒரு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். தண்டு கோணலாக இருக்கிறதா, நரம்பு ஓடும் வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று தெரிந்துவிடும். வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு மெல்லச் சுழற்றி எடுங்கள். எங்காவது விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கே தெரியாத அந்தக் கீறல் மெல்லிய நரம்பை ஒரு நாளில் உரசித் தேய்த்துவிடும். வளையங்கள் எண்ணிக்கையில் ஏறக்குறைய அடிக்கு ஒன்று இருக்க வேண்டும். குறைந்தால் ராடு வளையும்போது நரம்பு தண்டில் உரசும். பழைய ராடு வாங்குகிறவர்கள் இந்தப் பஞ்சுச் சோதனையை விடவே கூடாது. கூடவே தண்டு முழுவதையும் விரல் நகத்தால் தடவி, நசுங்கலும் பிளவும் உண்டா என்று பாருங்கள்.

ஒரே துண்டா, பல துண்டா?

இரண்டு துண்டு போதும். 9 அடி ஃப்ளை ராடு பெரும்பாலும் நான்கு துண்டாக வரும், முதுகுப்பையோடு கட்டிக்கொண்டு நடக்கலாம். பல துண்டு என்றால் பலவீனம் என்ற பேச்சு இப்போது பொருந்தாது. குழாய்க்குள் குழாயாக இழுபடும் மலிவான டெலஸ்கோபிக் ராடில்தான் மூட்டு தளர்வதும் வளையம் திரும்பிக்கொள்வதும் அதிகம். வேறு வழியில்லாத பயணத்துக்கு மட்டும் அது.

ரீலும் நரம்பும்?

ராடு நல்லதாக இருந்து ரீலின் டிராக் விட்டு விட்டு இழுத்தால் எல்லாம் வீண். டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பாகம். நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 4 பவுண்டு நரம்புக்கு அது சுமார் 450 முதல் 600 கிராம் இழுப்பு. கையால் இழுத்துப் பாருங்கள், தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

தொடங்குபவருக்கு 4 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். அது சற்று நீளும், அந்த நெகிழ்வு மீனின் உதறலுக்கு உதவும். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு அநேகமாக நீளாது, வெகுதூரம் போகும், ஆனால் நீரில் தெரியும். பிரெய்டு சுற்றுகிறவர்கள் முன்னால் சில அடி ஃபுளோரோகார்பன் நரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42. நைலானை விட அது நீரோடு நெருங்கி இருப்பதால் கண்ணில் அவ்வளவாகப் படாது. பிரெய்டோடு ஃபாஸ்ட் ராடும் சேர்ந்தால் விட்டுக்கொடுக்க எதுவுமே இருக்காது, அந்த ஜோடிக்கு டிராக்கை இன்னும் தளர்த்துங்கள்.

இவ்வளவு மெல்லிய ராடு பெரிய மீனுக்கு உடைந்துவிடாதா?

மீனால் உடையும் ராடு குறைவு. கார் கதவு, மூடிய டிக்கி, தரையில் கிடந்ததை மிதித்த கால், இவைதான் அதிகம் உடைக்கின்றன. வீசும்போது ஈயக் குண்டோ லூரோ தண்டில் மோதினால் கார்பனில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். வாரங்கள் கழித்து ஒரு சிறு மீனுக்கு அதே இடத்தில் பட்டென்று முறியும், பழி மீன் மேல் போகும்.

மீனோடு போராடும்போது உடைவதற்கு ஒரே ஒரு முக்கியக் காரணம், மீன் காலடிக்கு வந்தபின் ராடைச் செங்குத்தாகவும் அதற்கு மேலே பின்பக்கமாகவும் தூக்குவது. அப்போது பாரம் முழுவதும் பென்சிலை விட மெல்லிய நுனியில் விழுகிறது. ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, வலையை நீட்டி மீனை எடுங்கள். ராடாலேயே மீனைக் கரையில் தூக்கிப் போடாதீர்கள். லூர் கல்லில் மாட்டினாலும் ராடை வளைத்து இழுக்காமல், ராடை நரம்போடு ஒரே நேராக நீட்டிப் பின்னால் நடங்கள்.

பிடித்த மீனைத் திரும்ப விடுகிறேன். அல்ட்ராலைட் சரியா?

மீன் சிறியதாக இருக்கும் ஓடையில் சரி. 2 கிலோவுக்கு மேல் மீன் இருக்கும் நீரில், அது களைத்துச் சாகும் அளவுக்கு இழுபறியை நீட்டிக்கும் ராடு சரியல்ல. அங்கே லைட் அல்லது மீடியம் லைட் ராடும் 6 பவுண்டு நரம்பும் எடுங்கள். சீக்கிரம் கரைக்கு வந்த மீன்தான் பிழைக்கும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைந்துவிடும், களைத்த டிரவுட் மீள்வது கடினம். அன்று தூண்டிலைப் போடாமல் இருப்பதே மீனுக்குச் செய்யும் உதவி. உள்நோக்கிய எதிர்முனையை நசுக்கிய தூண்டில் முள், ஈரமான கை, மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுப்பது, இந்த மூன்றும் எந்த ராடுக்கும் பொது.

மின்கம்பி பற்றி எச்சரிக்கிறார்களே, உண்மையா?

முழுக்க உண்மை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். 9 அடி ராடை நிமிர்த்திப் பிடித்தால் உங்கள் தலைக்கு மேல் வெகு உயரம் போகும். கரைக்கு மேலே கம்பி ஓடும் இடத்தில் ராடைப் பூட்டவே வேண்டாம். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு நீரை விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள்.

சிறுவர்களுக்கு?

4½ அல்லது 5 அடி ஃபைபர்கிளாஸ் ராடு, பொத்தானை அமுக்கி வீசும் மூடிய ரீல். பொம்மைக் கடை ராடு வேண்டாம். அதன் ரீல் சிக்கிச் சிக்கியே பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகும்.

இரண்டாவது ராடு எப்போது?

முதல் ராடால் முடியாத ஒன்று திரும்பத் திரும்பக் குறுக்கே வரும்போது. ஏரியில் மீன் எழும்பும் இடத்துக்கு வீச்சு எட்டவே இல்லை என்றால் 7 அடி. ஓடையில் ஒவ்வொரு வீச்சும் கிளையில் மாட்டுகிறது என்றால் 5 அடி. மீன் மேற்பரப்புப் பூச்சியை மட்டுமே தின்றுகொண்டு உங்கள் ஸ்பின்னரைத் திரும்பியும் பார்க்கவில்லை என்றால் ஃப்ளை ராடு. அதுவரை கையிலிருக்கும் பணத்துக்கு நல்ல நரம்பும் கூர்மையான முள்ளும் வாங்குங்கள்.